இச்சிப் பந்தர்

கீற்றுப் பந்தர் ஈராண்டில் மட்கும்; மூங்கிற் பந்தரைச் செல் அரிக்கும்; கற்றூண் நிறுத்திப் பந்தர் அமைத்தலோ செல்வர்க்கே இயலும். சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த முதியவர் ஒருவர் இம்மூன்றையும் விடுத்து, மரங்களையே தூணும் கூரையுமாக வளைத்துப் பந்தர் ஆக்க எண்ணினார்.

அதற்கு அவர் தெரிந்தெடுத்தது இச்சிமரம். அஃது ஆலின் இனம். போத்து நட்டாலே வேர்கொள்வதாதலின், காசு கொடுத்துக் கன்று வாங்க வேண்டுவதில்லை. கண்மாய்க்கரை மரத்தினின்று கட்டைவிரற் பருமனுள்ள 8 போத்துகளை வெட்டி, வெட்டுவாயிற் பால் உலருமட்டும் நிழலில் வைத்திருந்து, மழைக்காலத் தொடக்கத்தில் 10 அடி அகலமுள்ள வட்டத்தில் நட்டார். ஆலினத்து வேர் சுவரையும் பிளக்கும். ஆகவே, வீட்டிற்கும் கிணற்றிற்கும் எட்டத் தோட்டத்தின் கோடியையே இடமாகக் கொண்டார்.

சில ஆண்டுகளில் கிளைகள் ஆளுயரத்திற்கு மேற்சென்றன. இளங்கிளை வளையும், முற்றிய கிளை ஒடியும். எதிரெதிர் நின்ற இளங்கிளைகளை வளைத்து, அவை ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இரண்டின் பட்டையையும் சிறிது சீவி, காயத்தொடு காயம் பொருந்தச் சேர்த்துக் கட்டினார். பட்டைக்கு அடியில் மெல்லியதொரு வளர்படலம் உண்டு. அப்படலங்கள் இரண்டும் கூடின், கிளைகள் ஒன்றாகிவிடும். இங்ஙனம் ஆகிய பந்தர் கொத்தன் கட்டிய மண்டபத்தினும் அழகிற் குறைந்ததே, நிழலிற் குறைந்ததன்று.

கட்டுவதற்கு அவர் கொண்டது வாழைநார். பேரனுக்கு அது பிடிக்கவில்லை.

"நார் இற்றுப்போகுமே, தாத்தா!" என்றான்.

"இற்றுப்போவதற்கென்றே அதனைக் கட்டுகிறேன், தம்பி" என்றார் அவர்.

சிறுவன் அதனை விளையாட்டுச் சொல்லாகக் கொண்டான் போலும். முதியவர் வெளியூர் சென்றிருந்தபோது, கீழ்ப்புறக் கிளை ஒன்றைச் செப்புக்கம்பியால் இறுகப் பிணித்தான். பிறகு அதனை மறந்தும் போனான்.

கிளை பருத்தது, கம்பி நெகிழவில்லை. இலைகள் ஆக்கிய உணவு பட்டையின் வழியே கீழிறங்குவது. கம்பி அவ்வழியை அடைத்தமையால், மேற்புறம் புடைத்தது. கீழ்ப்புறம் மெலிந்தே நின்றது. அடுத்த ஐப்பசிக் காற்றில் கிளை அவ்விடத்தே முறிந்தது. பந்தரின் நடுவே வானம் தெரிந்தது.

முதியவர் சினக்கவில்லை. முறிந்த துண்டை எடுத்துப் பேரன் கையில் கொடுத்தார். பட்டைக்குள் புதைந்து கிடந்த கம்பியை அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாட் காலையில், அயல்மரத்து இளங்கிளை ஒன்றை அவ்வெளியின்மேல் வளைத்தனர். வளைத்துப் பிடித்தவர் முதியவர், கட்டியவன் பேரன். கொல்லை வாழையினின்று நார் உரித்து வந்தவனும் அவனே. அவ்வெளி மூடுவதற்கு மேலும் ஈராண்டு சென்றது.