ஏழாம் நம்பர் வண்டி

பிரேக் பிடித்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1978இல் பொங்கல் கழிந்த மறு ஞாயிறு, மாடக்குளம் கண்மாய்க் கரையிலிருந்து நான் இறக்கிய வாடகை சைக்கிளில் பிரேக் நன்றாகவே இருந்தது. பிடிக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட வைத்தியரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். கல்யாணமான புதிதில் மனைவியிடமும் சின்ன வயதுக் கதையாக அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது. நடக்கவில்லை. நான் பிரேக்கைத் தொடவே இல்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தம்பிக்கு எட்டு. பொங்கல் காசு இருவரிடமும் இருந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை. மணிக்கு 25 பைசா. அரை வண்டி, முக்கால் வண்டி, பெரிய வண்டி என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மட்கார்டிலும் வெள்ளை பெயிண்டில் நம்பர். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு வண்டியைக் கையில் கொடுப்பார். குரங்குப் பெடல் போட்டுத் திரிந்த காலம் முடிந்து பெரிய வண்டியில் சீட்டின் மேல் உட்காரும் உயரம் எனக்கு அந்த வருஷம்தான் வந்திருந்தது. எனக்குக் கிடைத்தது ஏழாம் நம்பர்.

மதுரைப் பையனுக்கு இறக்கம் என்பது அரிய பொருள். சுற்றிலும் யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் என்று எத்தனையோ மலை பெயர்கள் உண்டு. ஆனால் அவை எல்லாம் தட்டைத் தரையில் திடீரென்று எழுந்து நிற்கும் பாறைகள். சைக்கிளை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். எங்களுக்கு வாய்த்த மேடு இரண்டே. ஒன்று ரயில்வே மேம்பாலம், மற்றது கண்மாய்க் கரை. மூச்சு வாங்க வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். மேலே நின்று ஒரு நிமிஷம் காற்று வாங்க வேண்டும். பிறகு சில நொடிகள் மட்டும் இறக்கம். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் அந்தப் பாடு. பெடல் மிதிக்காமல் பின் சக்கரத்து ஃப்ரீவீல் கடகடவென்று சத்தம் போட, காதில் காற்று அடைக்க, வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுவதுபோல இருக்கும்.

நான் ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. சாக்காகச் சொல்லவில்லை. அன்று என் மனசில் ஓடியது அதுதான் என்பதால் சொல்கிறேன். கண்மாயில் தேங்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவழிக்கிற பூமி எங்களுடையது. கஷ்டப்பட்டு ஏறிய உயரமும் எனக்கு அப்படித்தான். பிரேக்கைப் பிடித்தால் அது வீணாகும். பிடித்த வேகம் பிடித்ததுதான், திரும்ப வராது. மலைநாட்டுப் பையன் ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்தால் அடுத்த வளைவில் அது தானாக வந்து சேரும். எங்களுக்கு அடுத்த வளைவு கிடையாது.

தம்பி முன்னால் பாரில் உட்கார்ந்திருந்தான். கரையின் விளிம்பைத் தாண்டி முன் சக்கரம் கீழே சாய்ந்ததும் அவன் சிரித்தான். பாதி இறக்கத்தில் சிரிப்பு நின்றது. “அண்ணே, பிரேக்கப் புடிண்ணே” என்றான். நான் பிடிக்கவில்லை. அவனே கையை நீட்டி வலது பக்கத்துப் பிரேக் பிடியைப் பற்றப் பார்த்தான். சின்ன விரல்கள், ஆனால் எட்டிவிட்டது. அந்த விரல்களை நான் தட்டிவிட்டேன்.

இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொன்னதைக்கூட என்றாவது ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நினைத்தது உண்டு. விரல்களைத் தட்டிவிட்டதை நினைத்தாலே நாக்கு எழாது.

இறக்கம் முடிந்து பாதை திரும்பும் இடத்தில் ஒரு மாட்டுக்கொட்டம். அதன் மண்சுவரில் மோதினோம். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. தம்பியின் இடது முழங்கை இரண்டு இடத்தில் முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டு அவிழ்த்தபோது கை முழுதாக நீளவில்லை. இன்றும் நீளாது. மேல் தட்டில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க அவன் வலது கையைத்தான் உயர்த்துவான்.

அன்று சாயங்காலம் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கோணிப்போன முன் சக்கரத்தோடு ஏழாம் நம்பர் சுவரில் சாய்ந்திருந்தது. “பிள்ளைங்க உசுரோட வெளையாடுறியா?” என்று தெருவே கேட்க அப்பா கத்தினார். கடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. “பாத்துத்தாண்ணே குடுத்தேன்” என்று மட்டும் சொன்னார். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக் பிடியை அழுத்தினார். சக்கரம் நின்றது. மறுபடி சுற்றினார், மறுபடி நின்றது. அப்பா அதைப் பார்க்கவே இல்லை, அவர் கை ஓங்கியிருந்தது. நான் பார்த்தேன். கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டைகள் இரண்டும் ரிம்மைக் கவ்வி நிற்பதை இரண்டு முறையும் பார்த்தேன். அப்பா அவரை அடித்தார். தடுக்க நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் கேட்டபோது, கட்டுப் போட்ட கையோடு அவனும் “ஆமாப்பா, பிரேக்கு புடிக்கல” என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பிறகு நான் அறிவியல் ஆசிரியன் ஆனேன். முப்பத்தோரு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நிலையாற்றலும் இயக்க ஆற்றலும் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் கண்மாய்க் கரையைத்தான் உதாரணம் சொல்வேன். பையன்களுக்குத் தெரிந்த மேடு அதுதானே. 5 மீட்டர் உயரக் கரை என்று வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லை, பெடலும் மிதிக்கவில்லை என்றால் கீழே வரும்போது வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். எவ்வளவு எடை ஏற்றினாலும் அதுதான். சமன்பாட்டின் இரு பக்கமும் நிறை வருகிறது, அதனால் இங்கேயும் அங்கேயும் அடித்துவிடலாம் என்று சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கோட்டை இழுக்கும்போதெல்லாம் எனக்குக் கை ஒரு கணம் நிற்கும். அடிபட்டுப் போகும் அந்த நிறையில் பாரில் உட்கார்ந்திருந்த தம்பியும் சேர்த்தி. வேகத்தைக் கணக்கிட அவன் தேவையில்லை. நிறுத்த வேண்டும் என்றால்தான் அவன் எடையும் சேர்ந்து சுவரை நோக்கிப் போகும்.

நிறுத்தும் கணக்கையும் வகுப்பில் போடுவேன். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு, நிறுத்தத் தேவையான தூரமும் நான்கு மடங்கு. ஒருநாள் ராத்திரி வீட்டில் தனியாக உட்கார்ந்து எங்களுடைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உராய்வு, மண்பாதை எல்லாம் கழித்தாலும் அடிவாரத்தில் 30 கிலோமீட்டருக்குக் குறைந்திருக்காது. அந்தக் கால பிரேக்கில் நிற்பதற்குச் சுமார் 14 மீட்டர் வேண்டும். சுவர் வரை இருந்தது, என் நினைவில், 12 மீட்டர். பற்றாக்குறை இரண்டே மீட்டர். அந்த வேகத்தில் அது கால் நொடிப் பயணம். தம்பியின் விரல்கள் பிடியின் மேல் இருந்தது அதைவிட நீண்ட நேரம். தாளைக் கிழித்துப்போட்டேன்.

அத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த வாக்குமூலத்தின் இரண்டாம் பாதி அதுதான். 2011இல், நாற்பத்தாறு வயதில், கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொன்னேன். வாங்கியது சிறுமலைக்காக. திண்டுக்கல்லிலிருந்து மேலே போகும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். கண்மாய்க் கரையில் நொடிகளாகக் கிடைத்தது அங்கே நிமிஷக்கணக்கில் கிடைக்கும். நீண்ட இறக்கத்தில் கணக்கே வேறு. கரையில் உயரம் தீர்ந்தால் வேகமும் தீர்ந்தது. மலையில் உயரம் தீராது, வேகத்தைத் தடுப்பது காற்று மட்டுமே. 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் சரிவில், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், நிமிர்ந்து உட்கார்ந்தவன் மணிக்கு 40 கிலோமீட்டரில் நின்றுவிடுவான். நெஞ்சு ஹேண்டில்பாரில் படக் குனிந்து, முழங்கைகளை ஒடுக்கினால் அதே ஆள் 50ஐத் தாண்டுவான். ஒரு மிதி கூடுதலாக மிதிக்காமல், குனிந்ததற்கே அவ்வளவு. அது தெரிந்த நாளிலிருந்து குனியப் பழகினேன்.

உலகத்தில் யார் யார் எவ்வளவு வேகம் போனார்கள் என்று நோட்டு போட்டு எழுதி வைத்தேன். பிரான்ஸைச் சேர்ந்த எரிக் பரோன் 2002இல் நிகரகுவாவின் செர்ரோ நெக்ரோ எரிமலைச் சரிவில் 172 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது வண்டி முறிந்து உருண்டார். உயிர் பிழைத்து, 2017இல் ஆல்ப்ஸ் பனிச் சரிவில் 227 கிலோமீட்டரைத் தாண்டினார். இதை வகுப்பில் சொன்னால் பையன்கள் வாயைப் பிளப்பார்கள். அதே நோட்டில் இன்னொரு பெயரும் இருந்தது. இத்தாலியின் ஃபாபியோ கசார்டெல்லி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் பிரெனீஸ் மலை இறக்கம் ஒன்றில் விழுந்து இறந்தார். தலைக்கவசம் போட்டிருக்கவில்லை. வயது 24. தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமானது அதற்கு எட்டு வருஷம் கழித்து, இன்னொருவர் இறந்த பிறகு. சைக்கிள் பாரின் மேலேயே குந்திக்கொண்டு இறங்கும் முறையை 2021இல் தடை செய்தார்கள். பரோனைப் பற்றிப் பல வருஷம் பையன்களுக்குச் சொன்னேன். கசார்டெல்லியைப் பற்றி ஒரு வருஷம்கூடச் சொன்னதில்லை. இது மறதியல்ல.

சிறுமலையில் ஒருநாள் காலை, இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு நேர்ப்பாதையில் என் மீட்டர் 58 காட்டியது. அப்போது விறகுக்கட்டோடு ஒரு அம்மா சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்தார். பிரேக் பிடிக்கத் தூரம் இருந்தது. நான் பிடிக்கவில்லை. “ஓரம், ஓரம்” என்று கத்தினேன். அவர் பதறிப் பின்வாங்க, கட்டு தலையிலிருந்து சரிந்தது. ஒரு கை அகல இடைவெளியில் தாண்டிப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை, நிற்கவும் இல்லை. அடிவாரத்து டீக்கடையில் கூட வந்தவர்கள் கேட்டபோது 58 என்று சொன்னேன். அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. சிதறிய விறகைக் குனிந்து பொறுக்கியிருப்பார். பதின்மூன்று வயதில் செய்ததற்கு வயதைக் காரணம் சொல்லலாம் என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்றைக்குப் பிறகு அந்தக் காரணமும் என்னிடம் இல்லை.

கடைக்காரருக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதி வீடுகள் அங்கே பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர் கடையை மூடவும் இல்லை, யாரையும் ஏசவும் இல்லை. ஒன்றுதான் மாறியது. யார் வண்டி எடுக்க வந்தாலும் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்து நிறுத்திக் காட்டுவார். பிறகு முன் சக்கரம். “பாத்துக்கிட்டியா தம்பி?” என்பார். பார்த்தேன் என்று சொன்னால்தான் நோட்டில் பெயர் எழுதுவார். கல்லூரி முடிக்கும்வரை தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவேன். அந்தச் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கம் ஏறி நடப்பேன். நான்கு எட்டு வைத்தால் அவர் முன்னால் போய் நின்றிருக்கலாம்.

வீட்டுக்கு வீடு சொந்த வண்டி வந்ததும் வாடகை சைக்கிள் கடைகள் மதுரையிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவரும் இறந்துபோனார். அவருடைய மகன் அதே இடத்தில் இப்போது பஞ்சர் கடை வைத்திருக்கிறார், பழைய ஆட்கள் கொண்டுவரும் சைக்கிளுக்குக் கோட்டமும் எடுத்துக் கொடுக்கிறார். பணி ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம்தான் போனேன். தம்பியும் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக் பிடித்தது என்றேன். விரல்களைத் தட்டிவிட்டதையும் சொன்னேன். அவர் ஸ்போக்ஸ் கம்பியைத் திருகிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சாவியைக் கீழே வைத்தார்.

“ஏழாம் நம்பரா சார்?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“அந்த வண்டிய அப்பா அதுக்கப்புறம் வாடகைக்கே விடல சார். வீட்டுல கொண்டாந்து போட்டுட்டாரு. எங்கள ஓட்டக்கூட விடமாட்டாரு. ராத்திரி சாப்ட்டுட்டு அந்தப் பிரேக்கக் கழட்டிக் கழட்டி மாட்டுவாரு. எங்க தப்பு பண்ணுனேன்னு தெரியலையேம்பாரு.”