கவுஞ்சிக் குளிருக்கு எந்த ஆப்பிரிக்க மீன்?

ஜிலேபி மீன் குழம்பு சாப்பிட்டிருக்கீங்களா? அப்படின்னா ஆப்பிரிக்க சிக்லிட் ஒண்ணை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாதான் நம்ம ஜிலேபி. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வச்சு அடைகாக்கும். மீன் கடைக் கண்ணாடிக்குள்ள நீலமும் மஞ்சளுமா மின்னுற மலாவி சிக்லிட் எல்லாம் அதோட சொந்தக்காரங்கதான்.

"ரெண்டடித் தொட்டி இருக்கு, குஞ்சு எடுக்கணும், எந்த சிக்லிட் வாங்கலாம்?" இதைக் கேட்கிற எல்லாரும் முதல்ல பார்க்கிறது நிறத்தை. நான் சொல்றது வேற: முதல்ல உங்க தண்ணியைப் பாருங்க. அப்புறம், நீங்க இல்லாதப்போ தொட்டியைப் பார்த்துக்கப்போற ஆளைப் பாருங்க.

எங்க வீடு கவுஞ்சியில. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டி வரணும். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையுற ஊர். நான் ஹாஸ்டல்ல இருக்கேன். தொட்டி ஒன்பதாவது படிக்கிற தங்கச்சி பொறுப்பு. மார்கழி ராத்திரி கரண்ட் போனா அவ தனியா சமாளிக்கணும். எந்த மீன்னு முடிவு பண்ணினது இந்த ஒரு கவலைதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60×30×30 செ.மீ. தொட்டியில சுமார் 50 லிட்டர் தண்ணி. ஆறு பக்கமும் சேர்த்து பரப்பு 0.9 சதுர மீட்டர். ரூம் 10 டிகிரி, தண்ணி 25 டிகிரி. மூடி போட்ட கண்ணாடித் தொட்டிக்கு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 5 வாட் இழப்புன்னு வச்சுக்கிட்டா, மொத்தம் 67 வாட் சொச்சம். அப்போ 50 வாட் ஹீட்டர் பத்தாது, 100 வாட் வேணும். கரண்ட் போனா முதல் ஒரு மணி நேரத்துலயே ஒரு டிகிரிக்கு மேல இறங்கும். எட்டு மணி நேரம் வரலைன்னா 18 டிகிரிக்கு வந்துடும். முன்பக்கம் தவிர மத்த எல்லாப் பக்கமும் தெர்மாகோல் ஒட்டினா இழப்பு ஏறக்குறைய பாதியாகும். அதே எட்டு மணி நேரத்துல 21 டிகிரியில நிக்கும். அந்த மூணு டிகிரி மீனுக்குப் பெரிய வித்தியாசம். அம்மா, "அடுப்படியில வையேன், கதகதப்பா இருக்கும்"னாங்க. ஆனா அங்க பரண்ல பூண்டு புகையில தொங்குது. ஏர் பம்ப் அந்தப் புகையையும் சேர்த்து இழுத்துத் தண்ணிக்குள்ள விடும். அதனால தொட்டி நடு ரூமுக்குப் போச்சு.

அடுத்தது தண்ணி. ஹாஸ்டல் போர் தண்ணியில சோப்பு நுரைக்காது, பக்கெட்ல வெள்ளையா உப்புப் படியும். ஊர்ல மழையா விழுந்து பாறை மேல ஓடி வர்ற தண்ணி, மெதுவான தண்ணி. மலாவி, டாங்கனிகா ஏரி மீன்களுக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிர்: pஎச் 8 பக்கமா, டாங்கனிகான்னா 9-ஐ நெருங்கியே இருக்கிற கடினத் தண்ணி.

இப்போ மீனுக்கு வருவோம். மலாவியோட 'ம்புனா' வகை ரெண்டடித் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். பெரிய ஆண் மத்ததைத் துரத்தித் துரத்தியே கொன்னுடும். நாலடித் தொட்டியாவது வேணும். வகைகளைக் கலந்து விட்டா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கலப்புக் குஞ்சு வரும், அதை எந்தப் பேர்ல விப்பீங்க?

டாங்கனிகாவோட மல்டிஃபாசியேட்டஸ் அளவுல பொருத்தம். ஆணே அஞ்சு சென்டிமீட்டர் தாண்டாது. காலி நத்தை ஓட்டுக்குள்ள குடும்பம் நடத்தும். வயல் நத்தை ஓட்டைக் கழுவி, கொதிக்க வச்சுப் போட்டா போதும். போர் தண்ணி இருக்கிற கீழ் ஊர்க்காரங்க யோசிக்காம இதை வாங்கலாம். கவுஞ்சியில வளர்க்கணும்னா ஒவ்வொரு தடவை தண்ணி மாத்தும்போதும் உப்புகளை அளந்து கலக்கணும். பரீட்சை நேரத்துல தங்கச்சிக்கு இந்த வேலை வேணுமா?

அதனால நான் எடுத்தது கிரிபென்சிஸ். ஆப்பிரிக்கான்னாலும் ஏரி மீன் இல்ல. நைஜீரியாவோட தெற்குப் பக்கத்து ஆறு, ஓடைகள்ல இருக்கிறது. மெதுவான தண்ணி அதுக்குப் பழகினது. ஆண் பத்து சென்டிமீட்டர், பெண் அதைவிடச் சின்னது. முட்டை போடத் தயாரானா பெண்ணோட வயிறு செர்ரிப் பழமா சிவக்கும். உடைஞ்ச மண்சட்டியோ, ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியோ கவுத்து வச்சா அதுதான் பிரசவ அறை. குஞ்சுகள் வெளிய வந்ததும் அப்பா, அம்மா ரெண்டு பேருமே காவல் காப்பாங்க. ஜோடியா வாங்காதீங்க, ஆறு குட்டி மீன் வாங்கி, அதுங்களே ஜோடி சேரட்டும். சேர்ந்ததும் மத்ததை வேற தொட்டிக்கு மாத்திடுங்க. இன்னொண்ணு: pஎச் ரொம்பக் குறைஞ்சா ஆண் குஞ்சுகளே அதிகமா வரும். 7-ஐ ஒட்டி வச்சுக்கோங்க.

மீன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஒரு ஈட்டுக்கே நூறு குஞ்சு வரலாம், யார் வாங்கிக்கப்போறாங்க? மிஞ்சினா ஓடையில விட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அமராவதி அணையில ஜிலேபி எப்படிப் பெருகி முதல் இடத்துக்கு வந்துச்சுன்னு அங்க மீன் பிடிக்கிறவங்களைக் கேளுங்க. எடுத்துக்கிறேன்னு ஒரு கடைக்காரராவது சொன்ன பிறகு மண்சட்டியைக் கவுத்து வையுங்க.