கார்த்திகைக் கவாத்து

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரத்தைத் தாண்டிப் போகிற நாட்களில்தான், வலையங்குளம் பக்கத்துத் தோட்டங்களில் அதே மல்லிகைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுகிறார்கள். கார்த்திகை நடுவில் அங்கே போகிற எவனுக்கும் தோன்றும் கேள்விதான் எனக்கும் தோன்றியது. விலை ஏறியிருக்கும்போது எதற்கு வெட்டு? தோட்டக்காரர் சிரிக்காமல் பதில் சொன்னார்: “பூ இருந்தாத்தானே தம்பி விலை? பனி விழுந்துட்டா செடிக்கு நாலு மொட்டு. விலை ஏறுறதே அதனாலதானே.”

கவாத்து வெட்ட ஐந்து பேர் வந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர்தான் அவர்களுக்குத் தலை. ஒரு செடியின் முன் வந்து நின்றதும் அவர் கத்தரியை எடுத்துவிடுவதில்லை. முதலில் செடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். காய்ந்த குச்சி, பூச்சி தின்றது, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, உள்நோக்கி வளைந்தது எல்லாம் அடியோடு போகின்றன. மிச்சமிருப்பதைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக நறுக்குகிறார். தண்ணீர் தேங்காமல் வழிந்துவிட வேண்டும் என்பதற்காகச் சாய்வு. நடுவில் வெயில் இறங்க இடம் விட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்கிறார். செடிக்குச் செடி நாலடிதான் இடைவெளி. ஏக்கருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் செடிகள் நிற்கும். அத்தனைக்கும் குனிய வேண்டும்.

மல்லிகை புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். போன வருடக் கிளையை அப்படியே விட்டால் செடி உயரும், அடரும், பூவோ குறையும். வெட்டியதும் தூரைச் சுற்றிக் கொத்தி, செடிக்குப் பத்து கிலோ தொழுவுரமும் பாதி ரசாயன உரமும் வைத்து, தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மீதி உரம் ஆனி ஆடியில். தை, மாசியில் தளிர் கிளைத்து, பங்குனியில் பூ பிடிக்கிறது. சித்திரைத் திருவிழாவில் மதுரைப் பெண்கள் தலையில் பந்து பந்தாக வைத்துப் போகும் மல்லிகை, கார்த்திகையில் இந்தப் பெரியவர் எங்கே நறுக்கினார் என்பதைப் பொறுத்தது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைப் பற்றிப் பேசுகிறவர்கள் செம்மண்ணைச் சொல்வார்கள், தடித்த இதழைச் சொல்வார்கள், மாலை வரை விரியாமல் இருக்கும் மொட்டைச் சொல்வார்கள். கத்தரியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெட்டுவதற்கு நாள் குறிப்பதுதான் பெரிய தலைவலி. கவாத்துக்கு முன் செடிக்குத் தண்ணீரை நிறுத்திக் காயவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அதற்குள் நின்றால் சரி. நிற்காவிட்டால் மண் ஈரமாகவே கிடக்கும், வெட்டுவாயில் ஈரம் இறங்கிக் கிளை நுனியிலிருந்து கருகத் தொடங்கும். காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துத் தடவுகிறார்கள். அதையும் மீறிச் சில தூர்கள் போய்விடுகின்றன. பாதித் தோட்டத்தைப் புரட்டாசியிலேயே வெட்டி, தை முகூர்த்த விலைக்குக் கொஞ்சமாவது பூ எடுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படி வெட்டினால் ஐப்பசி மழை முழுவதையும் அந்த இளந்தளிர்கள் தாங்கியாக வேண்டும். “அது சூதாட்டம்” என்றார் தோட்டக்காரர். என் கண்ணுக்கு இரண்டுமே சூதாட்டமாகத்தான் பட்டன. ஒன்றில் பணயம் தை மாத விலை, மற்றதில் செடியே பணயம்.

குளிர்நாடுகளில் சில மரங்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஜப்பானியர்கள் இலை அழகுக்காக வளர்க்கும் மேப்பிள் மரத்தைக் குளிர்காலக் கடைசியில் வெட்டினால், வேரிலிருந்து ஏறும் சாறு வெட்டுவாய் வழியே ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே பல தோட்டக்காரர்கள் இலை முழுதாக விரிந்த கோடையில் லேசாகக் கிளை கழிக்கிறார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். “கோடையில கத்திரி எடுத்தா எங்க ஊர்ல அடிக்க வந்துருவாய்ங்க” என்றார்.

முழுக்கவும் அப்படியில்லை என்பதைப் பின்னொரு சித்திரையில் பார்த்தேன். விடிவதற்கு வெகு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் பூ பறித்துக்கொண்டிருந்தார்கள். பறிக்கிற கையாலேயே அவ்வப்போது ஒரு நீண்ட தளிரை நகத்தால் கிள்ளி எறிந்தார்கள். பூ வைக்காமல் கொடிபோல் ஓடும் தளிர் அது. “இது சும்மா தண்ணியக் குடிச்சிட்டு ஓடும்ணே, நிறுத்தணும்” என்றார் ஒரு அக்கா. கோடையில் செடி மேல் நடக்கும் வெட்டு இவ்வளவுதான். அதற்கென்று தனிக்கூலி கிடையாது. பறிக்கும் பூவின் எடைக்குத்தான் கூலி. ஒவ்வொரு கிள்ளலும் அவர்கள் கூடையில் விழாத நேரம், ஆனாலும் கிள்ளுகிறார்கள். அந்த மாதங்களில் பூ மலைபோல் வந்து விலை சரிகிறது. சில நாட்கள் சென்ட் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாகிறது. செம்பேனும் மொட்டுப்புழுவும் அந்தக் காலத்தில்தான் பெருகும். கார்த்திகையில் நடுவைத் திறந்துவிட்ட செடியில் மருந்து உள்ளே வரை போய்ச் சேர்கிறது, பறிக்கும் கையும் முகத்தில் கிளை அடிக்காமல் நுழைகிறது. பறிப்பவர்களுக்கு நல்ல கவாத்தும் கெட்ட கவாத்தும் தோட்டத்துக்குள் கால் வைத்ததுமே தெரியும். வெட்டியவர்களும் பறிப்பவர்களும் ஒருவரை ஒருவர் சந்திப்பது அபூர்வம்.

கவாத்து வெட்ட எந்திரம் உண்டா என்று நான் அந்தக் கார்த்திகையிலேயே விசாரித்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும் எந்திரத்துக்கு வட்டத் தகடு மாட்டி, ஒரே மட்டமாக வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்ததாம். அங்கே போய்ப் பார்த்தேன். பல கிளைகளில் வெட்டுவாய் நார் நாராகப் பிளந்திருந்தது, காய்ந்த குச்சியும் நல்ல கிளையும் ஒரே உயரத்தில் நின்றன. ஆள் கிடைக்காத ஊரில் அதையும் குறை சொல்ல முடியாது. பெரியவரின் குழுவில் நாற்பதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. அவருடைய மகன் கப்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். “அவனுக்கு இடுப்பு நல்லாயிருக்கு” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

கவாத்துக்காரர்களுக்கு வேலை இருப்பது மூன்று மாதம்தான். கார்த்திகையில் மல்லிகை, மார்கழியில் பிச்சி, தையில் முல்லை. அதன்பிறகு கிடைத்த கூலிக்குப் போகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் தோட்டக்காரர் அடுத்த வருடத்துக்குச் செடிக்கு இவ்வளவு என்று குத்தகை பேசிப் பார்த்தார். நாள் கூலி அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பெரியவர் தட்டிலிருந்து நிமிராமலே மறுத்தார்: “செடிக்கு இம்புட்டுன்னு பேசுனா கை ஓடுமுங்க, கண்ணு நிக்காது. காஞ்ச குச்சியவும் விட்டுட்டுப் போயிருவோம்.” தோட்டக்காரர் பதில் சொல்லவில்லை. மறுநாள் எங்கே வேலை என்று கேட்டேன். காரியாபட்டிப் பக்கம் ஒரு தோட்டமாம். “அங்க குத்தகைதான் தம்பி. ஒத்துக்கிட்டாச்சு” என்றார்.