கண்ணாடி இல்லாத கேமரா

(பதினோராம் வகுப்பு, புகைப்படக் குழு மாணவிகள் நால்வர்)

“கண்ணாடி இல்லாத கேமரா” என்று சொன்னவுடன் பலரும் கேட்கும் முதல் கேள்வி, “அப்படியானால் லென்ஸை எதனால் செய்தார்கள்?” என்பதே. கேள்வி நியாயமானதுதான். முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின் மேல் அணிவதும் கண்ணாடி, சன்னலில் பதிப்பதும் கண்ணாடி என்று தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ‘மிரர்லெஸ்’ என்று இன்று கடைகளில் விற்கப்படும் கேமராவில் இல்லாதது, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு சிறு துண்டு மட்டுமே. லென்ஸ் வழக்கம்போல் உண்டு.

அந்தத் துண்டு கேமராவுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது? லென்ஸ் வழியே வரும் ஒளி, சாய்வாக நிற்கும் அந்தக் கண்ணாடியில் பட்டு மேலே செல்லும். அங்குள்ள ஐங்கோணப் பட்டகம் அதைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். இதனால் லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ‘டப்’பென்று மேலே எழும்பி வழிவிடும், ஒளி ஃபிலிமில் விழும். இதில் ஒரு விந்தை உண்டு. படம் பதிவாகும் அந்த ஒரு கணத்தில் மட்டும் படம் எடுப்பவரின் கண்ணுக்கு எல்லாம் இருட்டு!

கண்ணாடி இல்லாமை புதுமையன்று

உண்மையில் ஆதிக் கேமராக்கள் பெரும்பாலும் கண்ணாடி இல்லாதவைதாம். 1858ஆம் ஆண்டு லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தபோது அவரிடம் இருந்தது ஒரு பெரிய பெட்டி. முன்னால் லென்ஸ், பின்னால் மெழுகேற்றிய காகித நெகடிவ். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவிலும் கண்ணாடி இல்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் பல வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் 3 என்ற கறுப்புப் பெட்டியிலும் இல்லை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் தரும் அந்தப் பெட்டியில், லென்ஸ் ஒன்றைப் பார்க்க, கண் மேலேயுள்ள துவாரத்தின் வழியே சற்றுத் தள்ளி வேறொன்றைப் பார்க்கும். கிட்ட நிற்பவரின் தலை படத்தில் வெட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறையைத் தீர்க்கவே கண்ணாடி வந்தது. 1861இலேயே தாமஸ் சட்டன் என்பவர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் வந்த நிக்கான் எஃப் போன்ற கேமராக்கள் இந்த முறையை உலகெங்கும் பரப்பின. பிறகு ஃபிலிம் போய், ஒளியை மின்சாரமாக்கும் சென்சார் வந்தது. சென்சார் பார்ப்பதை அப்படியே ஒரு சின்னத் திரையில் காட்ட முடியுமென்றால் கண்ணாடிக்கு என்ன வேலை? 2008இல் பானாசோனிக் நிறுவனம் ஜி1 என்ற கேமராவில் கண்ணாடியை நீக்கியது. 2013இல் சோனி, பழைய ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சாருடன் ஏ7 கேமராவை வெளியிட்டது. 2018இல் நிக்கானும் கேனானும் அதே வழியில் வந்தன.

எங்கள் சோதனைக் களம்

எங்கள் குழுவில் பழைய கண்ணாடிக் கேமரா ஒன்று இருக்கிறது. இவ்வாண்டு கண்காட்சிக்காக, பழைய மாணவி ஒருவர் தமது மிரர்லெஸ் கேமராவைச் சில நாட்களுக்கு இரவல் தந்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் வளையமாதேவி.

எங்கள் நால்வரில் இருவர் நெய்வேலி நகரியத்தில் வசிப்பவர்கள். அவர்கள் தந்தையர் சுரங்கத்தில் பணிபுரிகிறார்கள். மற்ற இருவர் வளையமாதேவிப் பக்கத்து உழவர் வீட்டுப் பெண்கள். சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள அவ்வூரின் பெயர் 2023ஆம் ஆண்டு ஜூலை 26க்குப் பிறகு நாடெங்கும் தெரிந்தது. அன்று மேல்வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயல்களில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் தோண்டத் தொடங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிலக்கரி நிறுவனம். அறுவடை வரையாவது பொறுத்திருக்கலாமே என்றனர் உழவர்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணை பிறந்தது. பச்சைப் பயிரின் நடுவே இயந்திரம் நிற்கும் படங்களைக் கண்ட பிறகே வெளியூர் மக்கள் பலர் இவ்வூரைப் பற்றிக் கேட்டார்கள்.

இந்தச் செய்தியை எங்கள் நால்வர் வீடுகளிலும் ஒரே மாதிரியாகப் பேசவில்லை. ஆயினும் நாங்கள் நால்வரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். எங்கள் கேமராப் பாட்டரி நிரம்புவதும் பழுப்பு நிலக்கரி தரும் மின்சாரத்தால்தான். எனவே யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் போகவில்லை. இன்று இருக்கிற வயலை, இன்று இருக்கிறபடி பதிவு செய்து வைப்போம் என்றே போனோம்.

நிறைகள்

முதல் நிறை, எடுக்கப்போகும் படம் முன்கூட்டியே தெரிவது. உச்சி வெயிலில் வயலில் நிற்பவரைப் படம் எடுத்தால், கண்ணாடிக் கேமராவில் வானம் வெளுத்துப்போயிற்றா, முகம் கறுத்துப்போயிற்றா என்பது எடுத்த பிறகே தெரியும். மிரர்லெஸ் கேமராவிலோ திருகைத் திருப்பும்போதே பார்வைத்துளையில் படம் வெளுப்பதும் கறுப்பதும் தெரிகிறது. வயலில் வேலை செய்பவரிடம், “இன்னொரு தடவை நில்லுங்கள்” என்று திரும்பத் திரும்பக் கேட்பது அழகன்று. அங்கே இந்த வசதியின் அருமை புரிந்தது.

இரண்டாவது, கனமும் பருமனும் குறைவு. கண்ணாடி அசைய இடம் வேண்டுமென்பதால், நிக்கானின் பழைய முறையில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தூரம் விட்டார்கள். புதிய முறையில் அது 16 மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரே திறனுள்ள சென்சார் கொண்ட இரு கேமராக்களை ஒப்பிடுவோம். 2017இல் வந்த டி850 பாட்டரியுடன் 1,005 கிராம். 2018இல் வந்த இசட்7 675 கிராம். வரப்பின் மேல் அரை நாள் நடந்தால் இந்த வித்தியாசம் கழுத்துக்குத் தெரியும். இடைவெளி குறைந்ததால், நடுவே ஒரு வளையத்தைச் செருகிப் பழைய லென்ஸ்களையும் இதில் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஓசையின்மை. அடிக்கும் கண்ணாடி இல்லை. மின்னணு ஷட்டரை வைத்தால் சிறு ஒலியும் இல்லை. களத்துமேட்டில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவைப் படம் எடுத்தோம். அவர் நெடுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, “ஏம்மா, சத்தமே வரலியே, படம் விழுந்துச்சா இல்லியா?” என்று கேட்டார். ஏழெட்டுப் படங்கள் விழுந்துவிட்டன என்று காட்டியபோது சிரித்துவிட்டார்.

நான்காவது, கேமரா தானே கண்ணைத் தேடிப் பிடிப்பது. கண்ணாடிக் கேமராவில் குவியம் பார்க்கும் கருவி தனியே அடியில் இருக்கும். அது பெரும்பாலும் சட்டத்தின் நடுப்பகுதியை மட்டுமே கவனிக்கும். மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே அந்த வேலையையும் செய்வதால், முகம் ஓரத்தில் இருந்தாலும் கண்ணைக் கண்டுபிடித்துக் கூர்மையாக்கிவிடுகிறது.

குறைகள்

நிறைகளைச் சொல்லிக் குறைகளை மறைப்பது முறையன்று. முதற்குறை பாட்டரி. கண்ணாடி வழியே பார்க்க மின்சாரம் வேண்டாம். இங்கோ பார்ப்பதற்கே மின்சாரம் வேண்டும். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் அளவுமுறைப்படி, மேற்சொன்ன டி850 ஒரு பாட்டரிக்கு 1,840 படங்கள் எடுக்கும்; இசட்7 330 படங்கள்தான். நாங்கள் மாற்றுப் பாட்டரி இரண்டைப் பையில் வைத்திருந்தோம். மாலைக்குள் இரண்டும் தேவைப்பட்டன.

அடுத்தது தூசி. லென்ஸைக் கழற்றினால் கண்ணாடிக் கேமராவில் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் சென்சாருக்குக் காவலாக நிற்கும். பல மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் திறந்தே கிடக்கும். கேனான் ஈஓஎஸ் ஆர் போன்ற சிலவற்றில் மட்டும் ஷட்டர் மூடிக்கொள்ளும். மண் சாலையில் ஒரு லாரி போனால் எழும் புழுதி போதும். ஒரு துகள் ஒட்டிக்கொண்டால் அது எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளியாக நிற்கும். ஆகவே காற்றடிக்கும் வெளியில் லென்ஸ் மாற்றுவதில்லை என்று விதி செய்துகொண்டோம்.

மூன்றாவது, ஓசையற்ற ஷட்டரின் மாயம். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் விரைந்து செல்லும் பொருள் சாய்ந்து விழுகிறது. நேராக ஓடிய பேருந்து படத்தில் பின்னால் சரிந்தாற்போல் வந்தது. பறந்த கொக்கின் சிறகு வளைந்திருந்தது. சில மின்விளக்குகளின் கீழ் படத்தில் பட்டைபட்டையாகக் கோடுகள் விழும். எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிக்கும் சென்சாருடன் சோனி ஏ9 மூன்றாம் பதிப்பை 2023இல் அறிவித்தது. ஆனால் அதன் விலை நம்மைப் போன்றோர் எட்டக்கூடியதன்று.

நான்காவது, நாம் பார்ப்பது காட்சியன்று, காட்சியின் திரைப்படம் என்பது. பொழுது புலருமுன் பார்த்தபோது திரை முழுவதும் மணல் தூவினாற்போல் இருந்தது; பழைய கேமராவிலோ மங்கிய ஒளியும் பனியும் இயல்பாகத் தெரிந்தன.

கேமரா அறியாத ஒன்று

எல்லாவற்றையும்விட எங்களைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. அந்த ஆயாவின் படத்தைத் திரையில் காட்டினோம் அல்லவா? அவர் கண்ணிமை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அத்தனை துல்லியம்! ஆயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, “என் மூஞ்சி கெடக்கட்டும். பின்னால வரப்பு தெரியுதா பாரு” என்றார்.

வரப்பு தெரியவில்லை. கேமரா கண்ணைத் தேடிப் பிடித்து, மற்றதையெல்லாம் பச்சைப் புகையாக்கிவிட்டிருந்தது. கடையில் இதைத்தான் பெரிய சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். திருமணப் படத்துக்கு அது சிறப்பாகவே இருக்கலாம். ஆனால் ஆயாவுக்கு வேண்டியது, தாம் நாற்று நட்ட இடத்தில் தாம் இருந்தார் என்பதற்கான சாட்சி. கண் தேடும் வசதியை நிறுத்தினோம். அபர்ச்சர் என்னும் துளையை எஃப் 11 வரை சுருக்கினோம். ஆயாவும், வரப்பும், அதற்கப்பால் கால்வாய்க் கரை மேட்டு மண்ணும், எல்லாம் ஒரே படத்தில் தெளிவாக விழுந்தன. “ம், இப்ப சரி” என்றார்.

கேமராவுக்கு முகம் தெரியும், கண் தெரியும். வரப்பின் மதிப்பு அதற்குத் தெரியாது. எது முக்கியம் என்பதை அதனிடம் விட்டுவிட்டால், அது தனக்குத் தெரிந்ததையே முக்கியமாக்கிவிடும். பழைய கேமராவிலும் இதே துளை உண்டு, இதே தவறு நேரலாம். ஆனால் புதியது கேட்காமலே உதவுவதால் நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

எதை வாங்கலாம்?

தங்கைகள் இக்கேள்வியைக் கேட்பார்கள் என்று தெரியும். புதிதாக வாங்குவோர், பணம் இருந்தால், மிரர்லெஸ் கேமராவை வாங்கலாம். மாற்றுப் பாட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வீட்டில் கண்ணாடிக் கேமரா இருப்பவர்கள் அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. நாங்கள் எடுத்தவற்றில் விடியற்காலைப் படங்கள் பழையதிலும், மனிதர்களின் படங்கள் புதியதிலும் நன்றாக வந்தன. எந்தக் கேமராவானாலும், எடுத்த படத்தை அட்டையிலேயே உறங்கவிடாமல் அச்சிட வேண்டும். பின்புறம் பெயர், இடம், தேதி எழுத வேண்டும். இவ்விரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கேமராவும் சாட்சி சொல்லாது.

கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழ் என்ன எழுதுவது என்று நாங்கள் நால்வரும் இரண்டு நாள் வாதாடினோம். ஒவ்வொருவர் எழுதியதும் மற்றவருக்குச் சரியாகப் படவில்லை. கடைசியில் ஊர்ப் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதினோம். அதில் நால்வருக்கும் சம்மதம். அடுத்த ஆண்டும் அதே வரப்பில் நின்று அதே திசையில் ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அப்போது திரையில் என்ன தெரியும் என்பதை எந்தக் கேமராவும் முன்கூட்டிக் காட்டுவதில்லை.