ரிதமுக்கு ஒரு குரல், சோலோவுக்கு ஒரு குரல்

உங்கள் வீட்டில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். சத்தம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொள்பவர்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மேடையில் கிடாருக்கு இரண்டு வேலை. பாடகருக்குப் பின்னால் கார்டுகள் வாசித்துப் பாட்டைத் தாங்குவது ரிதம். இடையிசையில் முன்னால் வந்து மெட்டைத் தனியாக வாசிப்பது லீட். பிரெஞ்சில் படித்த எனக்கு அது சோலோ. 1970களில் ஆபீஸ் விட்டதும் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிடாருக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர். லீட் வாசித்த நண்பர் தன் கிடாரின் வால்யூம் குமிழை ஏழில் வைத்திருப்பார். சோலோ வந்ததும் சுண்டுவிரலால் பத்துக்குத் தள்ளுவார். அவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பம்.

பேரனிடம் இருப்பது இரண்டு சேனல் ஆம்ப். காலால் சுவிட்சை மிதித்தால் ரிதமிலிருந்து லீடுக்கு மாறும். போன ஜூன் 21, இசைத் திருநாளன்று புதுச்சேரியில் ஒரு தெருமேடையில் வாசித்தான். பிரான்சில் 1982இல் தொடங்கிய விழா அது. சோலோ வந்தது. விரல்கள் ஓடுவது தெரிந்தது, ஒலி மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "கிடாரை வித்துடலாம் தாத்தா" என்றான். அவன் அப்பாவும் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தார்.

ஆம்பைப் பார்த்தேன். பாஸும் டிரெபிளும் உச்சத்தில், மிடில் பூஜ்யத்தில். அறையில் தனியாக வாசிக்கும்போது அது மிக இனிமையாகத்தான் இருக்கும். குழுவிலோ கீழ் ஸ்வரங்களை பாஸ் கிடாரும் பெரிய டிரம்மும் எடுத்துக்கொள்ளும், மேலே சிம்பல் இரையும். கிடாருக்கு மிஞ்சும் இடம் நடுவில்தான். அதைக் குறைத்துவிட்டால் கிடார் காணாமல் போகும். கெயினைக் கூட்டியும் பயனில்லை. ஓர் அளவுக்கு மேல் அது ஒலியைக் கரகரப்பாக்கி நசுக்குமே தவிர, உயர்த்தாது. பெரிய ஆம்ப் வாங்கலாமா என்றான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும் என்று கணக்குச் சொன்னேன்.

அடுத்த ஒத்திகையில், எல்லோரும் வாசிக்கும்போதே ஆம்பைச் சரிசெய்தோம். முதலில் ரிதம்: கெயின் குறைவாக, மூன்று குமிழும் நடுவில். கார்டில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், பாடகரின் குரலை மூடக் கூடாது. பிறகு லீட்: கெயின் சற்றுக் கூடுதல், மிடில் ஏழு, பாஸ் கொஞ்சம் குறைவு. அந்தச் சேனலின் வால்யூமும் ஒரு படி அதிகம். ஆறு கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் ஒற்றைக் கம்பி எடுபட அந்த ஒரு படி தேவை. சில ஆம்ப்களில் இரண்டு சேனலுக்கும் குமிழ்கள் பொதுவாக இருக்கும். அப்போது ஒரு பூஸ்ட் பெடல் உதவும். ஆம்புக்கு முன்னால் மாட்டினால் கரகரப்பு கூடும், எஃபெக்ட்ஸ் லூப்பில் மாட்டினால் ஒலி உயரும். சோலோவுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஆம்ப் தரையில் இருந்தால் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் கேட்கும். நாற்காலியில் ஏற்றி வைத்தோம். நான் கூடத்தின் கடைசியில் உட்கார்ந்துகொண்டேன். வயதானால் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளைத்தான். அதனால், "டிரெபிள் பத்தி என்னைக் கேட்காதே, மிடில் மட்டும்தான் என் செக்‌ஷன்" என்று சொல்லிவிட்டேன்.

கல்லூரி விழாவில் அவன் சோலோ கடைசி வரிசை வரை வந்தது. அவன் அப்பாவும் அந்த வரிசையில்தான் இருந்தார். கிடாரை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும்போது ஒருநாள் போய்க் கடைசியில் உட்காருங்கள். சோலோ கேட்டதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.