தலை நின்னாச்சா?

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போனால் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘‘தலை நின்னுடுச்சா?’’ பேர் என்ன, யார் ஜாடை என்பதெல்லாம் அப்புறம்தான். தலை நிற்காத குழந்தையை யாரும் ஒரு கையால் தூக்க மாட்டார்கள்.

காமிரா வைக்கிற டிரைபாடுக்கும் இதே கேள்விதான். ஆனால் யார் கேட்கிறார்கள்? கடைக்குப் போனால் எல்லோரும் காலைத்தான் பார்க்கிறோம். எத்தனை அடி உயரும், மடக்கினால் பைக்குள் போகுமா, அலுமினியமா, கார்பன் ஃபைபரா... தட்டிப் பார்க்கிறோம், ஆட்டிப் பார்க்கிறோம். மேலே உட்கார்ந்திருக்கிற தலையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்று சொன்ன பெரியவர்கள், மூன்று கால் ஜீவனுக்கும் சேர்த்தேதான் சொல்லியிருக்க வேண்டும்!

இந்தத் தலைகளில் ஒரு வகை, பால் ஹெட். ஓர் உலோக உருண்டை. அதைப் பிடித்திருக்க ஒரு கிண்ணம். இறுக்குவதற்கு ஒரு நாப். தளர்த்தினால் காமிரா எந்தப் பக்கமும் சாயும், இறுக்கினால் நிற்கும். அதாவது, நிற்க வேண்டும். ஸ்கூலில் தோள்பட்டையைப் பற்றிப் படிக்கும்போது ‘பந்துக்கிண்ண மூட்டு’ என்று ஒன்று வந்ததே, அதேதான்.

‘உனக்கும் காமிராவுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். நான் பி.காம். என்னிடம் இருப்பது செல்போன் காமிரா. சம்பந்தம், கல்யாணத்தில் வந்தது.

என் மைத்துனன் ஒரு தனியார் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன். ‘இருந்தவன்’ என்பதைக் கவனிக்கவும். போன தீபாவளிக்கு மறுநாள், ‘‘வேலையை விட்டுட்டு போட்டோகிராபர் ஆகப்போறேன்’’ என்றான். வீட்டில் மிச்சமிருந்த வெடியெல்லாம் அன்றைக்கே வெடித்தது.

மாமனார் ரிட்டையர்டு சர்வேயர். 34 வருஷம் நிலத்தை அளந்தவர். வார்த்தையையும் அளந்துதான் விடுவார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் தீர்ப்பு சொன்னார். ரிட்டையர்மென்ட் பணத்திலிருந்து 1,50,000 ரூபாய் தருவார். தானம் இல்லை, கடன். ஒரு வருஷம் கெடு. அதற்குள் மாசம் 20,000 ரூபாயாவது கையில் நிற்கவில்லை என்றால், டை கட்டிக்கொண்டு மறுபடி ஆபீஸுக்குப் போக வேண்டும். கணக்கு வழக்குகளைச் சரிபார்க்க ஒரு ஆடிட்டர். சம்பளம் இல்லாத அந்த உத்தியோகம் பி.காம். படித்த மாப்பிள்ளைக்கு!

பையன் செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி500 காமிராவும், 200-500 லென்ஸும் வாங்கினான். இரண்டும் சேர்ந்து 1,20,000. மீதிப் பணத்தை மிச்சம் பிடிக்கிற ஆர்வத்தில், காலும் தலையும் ஒட்டியே வருகிற ஒரு டிரைபாட், 2,200 ரூபாய்க்கு. பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ‘8 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்தது.

காமிரா பேட்டரியோடு 860 கிராம். லென்ஸ் 2,300 கிராம். ஆக மொத்தம் 3,160. தாங்குவது 8 கிலோ, ஏற்றுவது 3 கிலோ சொச்சம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேடந்தாங்கல். நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே பறவைகளின் சீசன். ஏரிக்கு நடுவே மரம் மரமாகக் கூழைக்கடாக்களும், நத்தைகுத்தி நாரைகளும் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தன. ‘ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன்’ என்ற பேரில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மைத்துனன் ஒரு கூட்டைக் குறி வைத்தான். நாப்பை விரல் சிவக்கிற அளவுக்கு இறுக்கினான். தண்ணீர் பாட்டில் எடுக்கக் குனிந்தான். அவ்வளவுதான்... மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற சீனியர் கிளார்க் மாதிரி, லென்ஸ் மெதுவாகத் தலையைத் தொங்கப் போட்டது. அப்புறம் திடீரென்று மொத்தமாக விழுந்து, டிரைபாட் காலில் ‘டொக்!’ ஸ்டாண்டே சாயப்போனதைத் தாவிப் பிடித்துவிட்டான். லென்ஸ் தப்பித்தது. முன்னால் மாட்டியிருந்த ஹூட் இரண்டாக விரிந்துவிட்டது.

‘‘அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தான்...’’

‘‘நான் சொல்லலைடா. ஆனா புது ஹூட் வாங்கின பில்லு சொல்லிடுமே!’’

பில் சொல்லிவிட்டது. மாமனார் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘‘8 கிலோ தாங்கும்னு எழுதியிருந்துச்சே, 3 கிலோவுக்கு எப்படி விழும்?’’

லட்ச ரூபாய்க் கேள்வி. சரியாகச் சொன்னால் 1,20,000 ரூபாய்க் கேள்வி. பதில் இதுதான்.

ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். அதே வாளியைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நில்லுங்கள் பார்க்கலாம். தண்ணீர் அதேதான். தோள்பட்டைதான் கதறும்! காமிரா நேராக நிற்கும்போது பாரம் உருண்டைக்கு நேர்மேலே இறங்குகிறது. அப்போது உருண்டைக்கு வேலையே கிடையாது. சாய்த்தால்தான் சோதனை. பாரத்தின் மையம் உருண்டையிலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி சாய்த்தால் அந்த மையம் 6 சென்டிமீட்டர் வெளியே போய்விடும். 3.16-ஐ 6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 19. ஒரேயடியாகப் படுக்க வைத்தால் 38. பாடப்புத்தகத்தில் இதற்குத் ‘திருப்புத்திறன்’ என்று பேர். தலையைச் சாய்ப்பது கிலோ இல்லை, இதுதான்.

பெட்டியில் போடுகிற கிலோவுக்கோ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு அளவுகோல் கிடையாது. நேராக நிறுத்தி வைத்துப் பார்த்தும் எழுதலாம், சாய்த்துப் பார்த்தும் எழுதலாம். ஒரு கம்பெனியின் 8-ம் இன்னொரு கம்பெனியின் 8-ம் ஒன்று இல்லை. போதாக்குறைக்கு, இந்த லென்ஸில் 200-லிருந்து 500-க்கு ஜூம் செய்தால் மூக்கு முன்னால் நீளும். காலையில் சரியாக இருந்த பாலன்ஸ், கிளிக் பண்ணுகிற நேரத்தில் முன்பக்கம் சாய்ந்திருக்கும்.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ‘‘நல்ல தலை என்ன விலை?’’

‘‘பத்தாயிரம் கிட்ட ஆகும் மாமா.’’

‘‘ஒரு உருண்டைக்கா?’’

நூற்றுக்கு எட்டு ரூபாய் கணக்கில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம் என்று என் பி.காமை அவிழ்த்துவிட்டேன். எடுபடவில்லை. அப்போது அவரே மகனைப் பார்த்துக் கேட்டார்: ‘‘மொதல்ல எவ்வளவு எறங்குச்சு?’’

‘‘ஒரு டிகிரி இருக்கும்ப்பா.’’

‘‘மரம்?’’

‘‘நூறு மீட்டர்.’’

‘‘அப்போ ஒண்ணே முக்கால் மீட்டர் கீழ போயிருக்கும்.’’

பேப்பர் இல்லை, பேனா இல்லை. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 1.75! அந்தக் காமிராவில், 500 மில்லிமீட்டரில், 100 மீட்டர் தூரத்தில் ஃபிரேமின் மொத்த உயரமே 3 மீட்டர் சொச்சம்தான். நடுவில் வைத்த பறவை, ஒரு டிகிரி சாய்ந்தால் படத்திலேயே இருக்காது. லென்ஸ் கீழே விழ வேண்டியதில்லை, பிழைப்பு கெட இந்த ஒரு டிகிரி போதும்.

மாமனார் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். ‘‘34 வருஷம் என் தலையில வெயில். தியோடலைட்டுக்கு மட்டும் ஒரு ஆளு குடை பிடிப்பான். கருவி அசையக் கூடாது, சூடாகக் கூடாது. ஸ்டாண்ட் சரியில்லைன்னா ஒரு வயக்காடே அடுத்தவன் பேருக்குப் போயிடும்.’’ அப்புறம் எழுந்தார். ‘‘நாளைக்கு நானும் கடைக்கு வர்றேன்.’’

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு காமிரா கடை. மாமனார் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. சொந்தக் காமிராவையும் லென்ஸையும் மாட்டச் சொன்னார். எதிர்ச் சாரியில் ஒரு பேங்க் போர்டு. அதில் ஒரு எழுத்தின் முனையை 500-ல் குறி வைத்து, நாப்பைச் சாதாரண கைபலத்தில் இறுக்கச் சொன்னார். ‘‘கையை எடு. அஞ்சு நிமிஷம் யாரும் தொடக் கூடாது.’’ கடைப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். நான் பேங்க் போர்டைப் பார்த்தேன்.

‘25 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்த 6,500 ரூபாய்த் தலை, இறுக்கும்போதே ஒரு எழுத்து இறங்கியது. ஐந்து நிமிஷத்தில் இன்னும் அரை எழுத்து. அடுத்தது 9,800. அதில் போட்டிருந்ததோ ‘18 கிலோ’தான். குறி வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. 45 டிகிரி சாய்த்து ஒரு தடவை. காமிராவைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரு தடவை. அசையவில்லை.

வித்தியாசம் உருண்டையில் இருந்தது. முதல் தலையில் 36 மில்லிமீட்டர், இதில் 44. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய பஸ்ஸில் ஸ்டீயரிங் ஏன் அத்தனை பெரிசு? ஒரே பலத்தில் பிடித்தாலும் பெரிய வட்டத்துக்குத் திருப்புகிற சக்தி ஜாஸ்தி. உருண்டையும் அப்படித்தான், ஒரே இறுக்கத்தில் பெரிய உருண்டை அதிகம் தாக்குப்பிடிக்கும். ரியலி ரைட் ஸ்டஃப் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் பெரிய தலையில் உருண்டை 55 மில்லிமீட்டர். ஆர்க்கா-ஸ்விஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு படி மேலே போய், உருண்டையை முழு வட்டமாக இல்லாமல் லேசாக நீள்வட்டமாகவே கடைந்துவிட்டார்கள். சாயச் சாயத் தானாகவே இறுகும். அவற்றின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும் என்பதால் மேலே போகவில்லை.

வாங்கப் போகிறவர்கள் இன்னும் சிலதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெயின் நாப் பெரிதாக, கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். டென்ஷன் நாப் தனியாக இருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் இறுக்கி வைத்தால், மெயின் நாப்பைத் தளர்த்தினாலும் லென்ஸ் தொபுக்கென்று விழாது. அடியில் காமிராவை இடம் வலம் திருப்புகிற பகுதிக்கும் தனிப் பூட்டு அவசியம். காமிராவைப் பிடிக்கிற கிளாம்ப், ஆர்க்கா-ஸ்விஸ் பாணியில் இருந்தால் பெரும்பாலான பிளேட்கள் பொருந்தும். அதிலும் திருகி இறுக்குகிற கிளாம்ப் நல்லது. நெம்புகோல் வகைக்குச் சில கம்பெனி பிளேட்கள் ஒத்துவராது. பெரிய லென்ஸ் என்றால் காமிராவின் அடியில் மாட்டாதீர்கள். லென்ஸின் காலில், நீளமான பிளேட் போட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பாலன்ஸ் பார்த்து மாட்டுங்கள். தலையும் காலும் சேருகிற இடத்தில் 3/8 இஞ்ச் ஸ்க்ரூ இருக்கட்டும். குச்சிக் காலில் குண்டுத் தலையை வைத்தும் பிரயோஜனமில்லை. உருண்டைக்கு எண்ணெய் போடுகிற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நிற்பதே உராய்வால்தானே!

நாள் முழுக்கப் பறக்கிற பறவையைத் துரத்துவதுதான் தொழில் என்றால், பால் ஹெட்டைவிட கிம்பல் ஹெட் சிலாக்கியம். அதில் லென்ஸ் ஊஞ்சல் மாதிரி தன் பாரத்தின் மையத்திலேயே ஆடும். மைத்துனனுக்குக் கல்யாணமும் எடுக்க வேண்டும், கோபுரமும் எடுக்க வேண்டும். அதனால் பால் ஹெட்.

பில் போடுகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். மாமனார் வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கண்ணை மூடி, வலது கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருந்தார். மகனின் காமிராவுக்குள் அவர் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. ‘‘தெளிவா இருக்குடா’’ என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் குனிய வேண்டாம் என்று டிரைபாடை நாலு விரல் உயர்த்தினான்.

கெடு முடிய இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது. இரண்டு கல்யாணம், ஒரு காது குத்து, ஒரு காலண்டர் ஆர்டர் வந்திருக்கின்றன. ஜெயிப்பானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் போன வாரம் ஆடிட்டர் என்ற முறையில் மாமனாரின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ‘பையன் செலவு’ என்று தலைப்புப் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார். அந்த 9,800 ரூபாய் அங்கே இல்லை. பக்கம் தள்ளி, ‘முதல்’ என்று புதுத் தலைப்பு. அதன் கீழே பால் ஹெட். அதற்கும் கீழே, பழைய பக்கத்தில் அடித்துவிட்டு இங்கே கொண்டுவந்து எழுதிய காமிரா, லென்ஸ்.

படித்த பி.காமுக்கு அந்தப் பக்கத்தில் திருத்த ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.