சிவப்பு மையில் நான் எழுதியது

ஓவியக் கல்லூரி ஒன்றில் 19 ஆண்டுகளாக ஐரோப்பியக் கலை வரலாறு நடத்துகிறேன். ரோம் வீழ்ந்ததற்கும் இத்தாலிய ஓவியர் ஜியோட்டோ தூரிகை எடுத்ததற்கும் நடுவே உள்ள 800 ஆண்டுகளுக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு வகுப்பு. அதிலும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பேச்சு: "இருண்ட காலம். மனித உருவம் வரையும் கைத்திறன் அழிந்துபோனது. ரோமுக்குப் பின் மேற்கு ஐரோப்பாவை ஆண்ட ஃபிராங்குகள் போர்க்குடிகள், நகை செய்யத் தெரியும், அவ்வளவுதான்." மாணவனாக நான் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். சரிதானா என்று ஒரு புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, எபோ நற்செய்தி நூலில் உள்ள நற்செய்தியாளர் மத்தேயுவின் படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். ரீம்ஸ் பேராயர் எபோவுக்காக 816க்கும் 835க்கும் இடையில் செய்யப்பட்ட நூல் அது. மத்தேயு குனிந்து எழுதுகிறார். தலைமுடி தீப்போல எழும்புகிறது, ஆடை மடிப்புகள் சுழல்கின்றன, பின்னாலிருக்கும் குன்றுகூட நடுங்குகிறது. "வரையத் தெரியாமல் இப்படி வரையவில்லை, வேண்டுமென்றே வரைந்திருக்கிறார்கள்" என்று அவள் எழுதியிருந்தாள். முதல் பக்கத்தைத் தாண்டாமல் சிவப்பு மையில் 'ஆதாரமற்ற ஊகம்' என்று எழுதி, 20க்கு 6 போட்டேன்.

அவள் அறைக்கு வந்தாள். "சார், ஆதாரம் கடைசிப் பக்கத்துல இருக்கு. படிச்சீங்களா?"

"படிச்சேன்மா" என்றேன்.

பொய் சொன்னேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மறுபருவம் தாள்களை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அவள் இன்னொரு மத்தேயுவைக் காட்டியிருந்தாள். இன்று வியன்னா கருவூலத்தில் இருக்கும் முடிசூட்டு நற்செய்தி நூலில் உள்ளவர், ஃபிராங்கு அரசன் சார்லமேனின் அரசவையில் 800ஐ ஒட்டி வரையப்பட்டவர். வெண்ணாடை உடுத்து அமைதியாக அமர்ந்திருக்கிறார். முகத்தில் ஒளியும் நிழலும் மெல்லக் கரைகின்றன. பழைய ரோமானிய ஓவியன் ஒருவன் வரைந்தது என்று சொன்னால் நம்பிவிடலாம். இரண்டு படங்களுக்கும் இடையில் ஒரு தலைமுறைதான். இப்படி வரையக்கூடிய கைகள் அந்த நாட்டிலேயே இருந்தபோது, எபோவின் ஓவியன் அமைதியை விட்டு நடுக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். இறைவாக்கு ஒருவரைப் பிடித்து ஆட்டும் கணம் அவனுக்கு வேண்டியிருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான். அது சரி.

அன்று தொடங்கிப் படித்தேன். 'நகை செய்யத் தெரியும், அவ்வளவுதான்' என்ற என் வாக்கியமும் நிற்கவில்லை. 481 வாக்கில் இறந்த ஃபிராங்கு அரசன் சில்டெரிக்கின் கல்லறை 1653இல் தூர்னேயில் வெளிப்பட்டது. அவனது முத்திரை மோதிரத்தில் பொறித்த உருவத்துக்கு ஃபிராங்கு அரசர்களுக்கே உரிய நீண்ட கூந்தல், உடம்பிலோ ரோமானியத் தளபதியின் கவசம், பெயர் லத்தீனில். இரண்டு உலகத்துக்கும் நான் அரசன் என்று ஒரு விரலளவு தங்கத்தில் சொல்லியிருக்கிறான். கூடவே முந்நூறு வரை தங்கத் தேனீக்கள். தங்கத்தில் சின்னச் சின்ன அறைகள் கட்டி, செந்நிற கார்னெட் கல்லை மெல்லியதாகச் சீவிப் பதித்த வேலை. அக்காலத்து ஃபிராங்கு நகைகளின் கார்னெட்டுகளை ஆராய்ந்தபோது, பல கற்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது. அந்தக் கடல்வழி வணிகத்தையும் நான் 'போர்க்குடி' என்ற ஒரு சொல்லில் மூடிவிட்டிருந்தேன். 1831இல் பாரிஸில் அந்தப் புதையல் திருடுபோய், தங்கத்தில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. எஞ்சிய தேனீக்கள் இரண்டு.

சில்டெரிக்கின் வம்சத்தை 751இல் அவர்களின் அரண்மனை மேலாளராக இருந்த பெப்பின் அகற்றினான். கடைசி அரசனின் கூந்தலை மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள். அரச ரத்தம் இல்லாத புதிய குடும்பத்துக்கு வேறு ஆதாரம் வேண்டியிருந்தது. அதைப் போப்பிடமும் ரோமின் பழம்பெருமையிலும் தேடினார்கள். பெப்பினின் மகன் சார்லமேன் 800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் பேரரசனாக முடிசூடினான். தன் அரண்மனை இருந்த ஆகனில் கட்டிய தேவாலயத்துக்கு ரோமிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் தூண்களை வரவழைத்தான். ரோமானிய பாணியில் வரைந்த அந்த வியன்னா மத்தேயுவும் அந்தத் தேடலின் பிள்ளைதான். அவன் மடங்களில் பரவிய தெளிவான சிற்றெழுத்தைத்தான், 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் பழைய ரோமானிய எழுத்தென்று நினைத்துக் கைக்கொண்டார்கள். இன்று ஆங்கிலப் புத்தகங்களில் அச்சாகும் சிற்றெழுத்துகள் அங்கிருந்து வந்தவை. நான் இருட்டு என்று சொன்ன காலத்தின் எழுத்தில்தான் என் பாடப்புத்தகமே அச்சாகியிருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மூன்று ஆண்டுகள் அதே 'இருண்ட காலம்' வகுப்பை எடுத்தேன். அறியாமல் சொன்னதை மன்னிக்கலாம், அறிந்தபின் சொன்னதற்கு என்னிடம் பதிலில்லை. திருத்தினால், இத்தனை ஆண்டு மாணவர்களுக்குத் தவறாகச் சொன்னேன் என்பதை வகுப்பில் நின்று ஏற்க வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை. படங்களை மாற்றாமல் வேகமாகத் தள்ளிவிட்டு ஜியோட்டோவுக்குப் போனேன்.

இந்த ஆண்டுதான் இரண்டு மத்தேயுக்களையும் அருகருகே திரையில் போட்டேன். அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது ஒரு மாணவி, அவளுக்கு நான் ஆறு மதிப்பெண் போட்டேன், படிக்காமலே படித்தேன் என்று சொன்னேன் என்றும் வகுப்பில் சொன்னேன். யாரும் பேசவில்லை. அவள் படிப்பு முடித்துப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கி நான்கு முறை நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கட்டுரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, கடைசிப் பக்கம் மேலே தெரியும்படி.